தளபதி தவழ்கிறார்

மதியச் சாப்பாடு முடிந்துவிட்டது. காபி இன்னும் வரவில்லை. மனிதகுலத்தின் பாதி விபரீதங்கள் இந்த இடைவெளியில்தான் நடந்திருக்க வேண்டும்.

இடம், இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடற்கரையில் சாண்ட்கேட் என்ற சிற்றூர். காலம், இருபதாம் நூற்றாண்டின் ஆரம்ப வருடங்கள். வீட்டுக்காரர் எச்.ஜி.வெல்ஸ். அவரேதான். கால இயந்திரம் கண்டவர். செவ்வாய்க்காரர்களை லண்டன்மேல் ஏவிவிட்டவர். சாப்பிட வந்தவரின் மானத்தைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தில், வெல்ஸ் பிற்பாடு எழுதும்போது 'ஜே.கே.ஜே.' என்று மட்டும் குறிப்பிட்டார். அந்த நாளில் இலக்கிய இங்கிலாந்தில் அந்த மூன்று எழுத்துக்கு ஒரே ஆள்தான். 'த்ரீ மென் இன் எ போட்' எழுதிய ஜெரோம் கே. ஜெரோம். மானம் அன்றைக்கே கப்பலேறிவிட்டது.

வெல்ஸுக்கு இரண்டு பையன்கள். ஆண் பிள்ளைகள் இருக்கிற வீட்டு அறை எந்த லட்சணத்தில் இருக்குமோ, அந்த லட்சணத்தில் இருந்தது. பக்கத்து மேஜையில் நாலைந்து பொம்மைச் சிப்பாய்கள், ஒரு பொம்மைப் பீரங்கி. பீரங்கிக்குள் ஸ்பிரிங். சின்ன மரக்குண்டைப் போட்டு விசையைத் தட்டினால் விர்ரென்று பாயும். ஜெரோம் நாற்காலியை அந்த மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். நைசாகப் பீரங்கியை எடுத்துப் பார்த்தார். குண்டு போட்டார். குறி வைத்தார். ஒரு சிப்பாய் விழுந்தான்.

நாற்பதைத் தாண்டிய, நாடறிந்த எழுத்தாளர் அதன்பிறகு என்ன செய்திருக்க வேண்டும்? பீரங்கியை வைத்துவிட்டுக் காபிக்குக் காத்திருக்க வேண்டும். ஜெரோம் ஜம்பம் அடித்தார். முடிந்தால் அடித்துக் காட்டு பார்க்கலாம் என்று சவால் வேறு. அப்புறம் வெல்ஸ் சும்மா இருப்பாரா?

பல நாடுகளில் ஊருக்கு ஊர் கிளப் வைத்து, வார இறுதியானால் பெரியவர்கள் கூடி ஆடுகிறார்களே மினியேச்சர் போர் விளையாட்டு, அதன் ஸ்தல புராணத்தை இந்தச் சாப்பாட்டறையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கொலுவில் பூங்கா கட்டுவோமே, மண்ணைப் பரப்பி, கேழ்வரகு முளைக்க வைத்து, கண்ணாடியைப் போட்டுக் குளம் என்று சொல்லி? அதே சமாசாரம். பூங்கா இருக்கிற இடத்தில் வாட்டர்லூ. விரல் உயரச் சிப்பாய்க்குச் சட்டைப் பித்தான்வரை பெயின்ட் அடிப்பார்கள். இஞ்ச் டேப்பால் அளந்து அளந்து நகர்த்துவார்கள். பகடை உருட்டிக் கொல்வார்கள். சுண்டல் மட்டும் கிடையாது.

இதிலே ஒரு தனி ரகம் உண்டு. கதை வைத்து ஆடுபவர்கள். யார் ஜெயித்தது என்பது இவர்களுக்கு இரண்டாம் பட்சம். பாலத்தைக் காக்கும் கிழட்டுத் தளபதி, அவருக்குத் துரோகம் செய்யக் காத்திருக்கும் மைத்துனன் என்று வீட்டுக்காரர் ஒரு கதையை ஜோடித்து வைத்திருப்பார். வந்தவர்கள் ஆளுக்கொரு வேஷம் கட்ட வேண்டும். வீட்டுக்காரர் வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு எழுதிய திரைக்கதை அது. விருந்தாளிகள் அரைமணி நேரத்தில் அதைக் கந்தலாக்கிவிடுவார்கள். அவர் பெண்ணைப் பெற்றவர் மாதிரி சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருக்க வேண்டும். என் அனுதாபமெல்லாம் தளபதிகளுக்கு அல்ல, இந்த வீட்டுக்காரர்களுக்குத்தான்.

வெல்ஸும் ஒரு வீட்டுக்காரர். ஜெரோம் கொளுத்திப் போட்டார், இவர் பற்றிக்கொண்டார். நிற்க வைத்துச் சுடுவது நாலு நாளில் அலுத்தது. சிப்பாய்கள் ஒளிந்துகொள்ள வீடுகள் வேண்டும் என்று தோன்றியது. கட்டுமானப் பொருளுக்கு எங்கே போவது? அலமாரியில் என்சைக்ளோபீடியா தொகுதிகள் தடிதடியாக இருந்தன. சகல உலக அறிவும் தரையில் இறங்கியது. அதன் முதுகுக்குப் பின்னால் குதிரைப்படை பதுங்கியது. அந்தப் புத்தகங்களை முழுசாகப் பயன்படுத்திய குடும்பம் உலகத்தில் அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் எதிரி வாசல் வழியாக வந்தார். ஊர்ச் சீமாட்டிகள் மரியாதை நிமித்தம் எட்டிப் பார்க்கிற காலம். பாவாடை தரையைக் கூட்டுகிற ஃபேஷன். இப்படித் திரும்பினால் ஒரு ரெஜிமென்ட் காலி, அப்படித் திரும்பினால் பீரங்கிப்படை காலி. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு நடுவயது ஆண்கள் வியர்த்து வழிய, முகம் சிவக்க, தரையில் மண்டி போட்டுப் பொம்மைக்காக வாதாடுவதைப் பார்த்துவிட்டு அவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்களாம். அந்தப் பார்வையை வெல்ஸ் மன்னிக்கவே இல்லை. புத்தகத்தில் போட்டு வாங்கிவிட்டார்.

ஆமாம், புத்தகம். 1913இல் வந்தது, பெயர் 'லிட்டில் வார்ஸ்'. 12 வயதிலிருந்து 150 வயது வரையுள்ள பையன்களுக்கான விளையாட்டு என்று உபதலைப்பிலேயே போட்டுக்கொண்டார். தனக்கு அப்போது 46 என்பதால், இன்னும் 104 வருடம் பாக்கி இருப்பதாகக் கணக்கு. கூடவே, பையன்கள் விளையாட்டை விரும்புகிற 'கூடுதல் புத்திசாலி' ரகப் பெண்களும் ஆடலாம் என்று பெரிய மனசு பண்ணினார். பாவாடைக்காரிகள்மேல் கோபம் இன்னும் தீரவில்லை பாருங்கள்.

விதிகளை மட்டும் படு சிரத்தையாக எழுதினார். காலாட்படை ஒரு முறைக்கு ஒரு அடி போகலாம், குதிரைப்படை இரண்டு அடி. பீரங்கி வெடிக்கப் பக்கத்திலே நாலு ஆளாவது உயிரோடு இருக்க வேண்டும். எதிரி எங்கே நிற்கிறான் என்று தெரியாமலிருக்கக் களத்தின் நடுவே திரை கட்டி, இரு பக்கமும் படையை நிறுத்தியபின் விலக்க வேண்டும். அலங்காரம் முடிந்து சன்னதித் திரை விலகுகிற மாதிரி. யாரும் யோசித்து யோசித்துக் கழுத்தறுக்கக் கூடாது என்பதற்காகக் கடிகாரம் பார்த்து நேரம். இந்தக் கடைசி விதியை நம் குடும்பச் சீட்டாட்டத்தில் சேர்த்திருந்தால் எத்தனையோ சித்தப்பாக்கள் நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார்கள்.

அதே புத்தகத்தில் தான் ஆடிய ஒரு சண்டையை வர்ணிக்கிறார். அங்கேதான் மனிதர் அகப்பட்டுக்கொள்கிறார். வர்ணனை தொடங்கியதும் ஆசிரியர் உருமாறுகிறாராம். மைக்கறை படிந்த விரல்கள் முரட்டுக் கைகளாகின்றன. எழுதியெழுதிக் கூனிய முதுகு நிமிர்கிறது. மீசை முறுக்கிக்கொண்டு மேலே ஏறுகிறது. புருவத்துக்கு மேலே வாள்வெட்டுத் தழும்பு ஒன்று புறப்பட்டு வருகிறது. அதாவது, நாற்காலியில் உட்கார்ந்து பேனா பிடிக்கிற ஒவ்வொருவனுக்குள்ளும் ஒரு மேஜர் ஜெனரல் லீவு கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதைத் தானே போட்டு உடைத்துவிட்டார். தன்னையே கேலி செய்துகொள்ளத் தெரிந்தவரை நாம் என்ன செய்வது? கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் மண்டிபோட இடம் கேட்கலாம்.

கடைசியில் ஓர் உபதேசமும் உண்டு. போர் போர் என்று குதிக்கிற ராஜாக்களையும் தேசபக்தச் சூரர்களையும் ஒரு பெரிய மண்டபத்தில் போட்டு அடைத்து, தரையெல்லாம் கார்க் விரிப்பு விரித்து, கையில் பொம்மைகளைக் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் நிம்மதியாகப் பிழைக்கலாம் என்றார். உருப்படியான யோசனை. யாரும் கேட்கவில்லை. அடுத்த வருடமே, 1914இல், நிஜப் போர் வெடித்தது. மண்டபம் கட்டச் சொன்ன மகான் என்ன செய்தார்? 'போர்களை ஒழிக்கப்போகும் போர்' என்று தலைப்பு வைத்து அந்தப் போருக்கே வக்காலத்து வாங்கிப் புத்தகம் போட்டார். கால இயந்திரம் வைத்திருந்தவரின் தீர்க்க தரிசனம் அது.

சாண்ட்கேட் காபிக்கு இருபது வருடம் முன்பே சுவிட்சர்லாந்தில் ஒருவர் பரணில் குப்புறப் படுத்திருந்தார். ஊர் டாவோஸ். இன்றைக்கு உலகப் பணக்காரர்கள் தனி விமானத்தில் வந்து இறங்கி ஏழ்மையைப் பற்றிக் கவலைப்படுகிற அதே டாவோஸ். 1880களில் அங்கே வந்தவர்கள் நெஞ்சுச்சளிக்காரர்கள். மலைக்காற்று நல்லது என்று வைத்தியர்கள் அனுப்புவார்கள். ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனும் அப்படி வந்தவர்தான். ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். அவர் மாற்றாந்தகப்பன் முறையில் தனக்கு வாய்த்த பையன் லாயிட் ஆஸ்போர்னோடு ஏணி வைத்துப் பரணில் ஏறிவிட்டார். பையனுக்கு வயது 13 இருக்கும். அவர் 'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதி முடித்ததும் அந்த ஊரில்தான் என்பதால் வைத்தியர்களை நாம் கோபித்துக்கொள்ள முடியாது.

நிமிர்ந்தால் தலை இடிக்கிற பரண். எலும்பைத் துளைக்கும் குளிர். தரை முழுக்கச் சாக்பீஸால் வரைபடம்: மலை, ஆறு, ஊர், நல்ல ரோடு, மோசமான ரோடு. நூற்றுக்கணக்கான ஈயச் சிப்பாய்கள். வாரக்கணக்கில் ஒரே போர். சாப்பிடக் கீழே கூப்பிட்டால் போர்நிறுத்தம். ஸ்டீவன்சனுக்கு இதுவும் போதவில்லை. போர் நடந்தால் பத்திரிகை வேண்டாமா? இரண்டு கற்பனைப் பத்திரிகைகளைத் தானே தொடங்கி, நிருபராகவும் ஆசிரியராகவும் தலையங்கக்காரராகவும் இருந்து எழுதித் தள்ளினார். அதில் ஒரு பத்திரிகை ஜெனரல் ஆஸ்போர்னைக் கன்னாபின்னாவென்று விமர்சித்தது. விளைவு, ஜெனரலின் உத்தரவின் பேரில் ஆசிரியர் தூக்கிலிடப்பட்டார். பொதுமக்கள் அதை ஆமோதித்ததாகச் செய்தியும் வந்தது. எழுதியவர், திட்டியவர், தொங்கியவர், ஆமோதித்த பொதுமக்கள், எல்லாம் ஒரே ஸ்டீவன்சன். பத்திரிகைச் சுதந்திரத்தை இவ்வளவு சிக்கனமாக யாரும் முடித்துவைத்ததில்லை.

எழுத்தாளர்கள் என்றால் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருப்பார்கள் என்று நீங்கள் தள்ளிவிடலாம். அப்படியானால் பிரஷ்யாவுக்கு வாருங்கள். அங்கே சிரிப்பதற்கே அனுமதி வாங்க வேண்டும்.

நம் சதுரங்கம் பாரசீகம், அரபு தேசம் எல்லாம் சுற்றி ஐரோப்பா போய்ச் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். நாற்படையும் அங்கே செஸ் ஆகிவிட்டது. ஜெர்மானியர்களுக்கு அது போதவில்லை. 1780இல் பிரன்ஸ்விக்கில் ஹெல்விக் என்ற கணித வாத்தியார் 64 கட்டத்தை ஆயிரத்துக்கும் மேலே பெருக்கி, மேடு பள்ளம், பீரங்கி எல்லாம் சேர்த்தார். பிரெஸ்லாவில் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி, கட்டமே வேண்டாம், மணலைக் கொட்டிக் களம் செய்வோம் என்றார். இளவரசர்கள் பார்த்துக் குதித்தார்கள். அப்பாவிடம் போய்ச் சொன்னார்கள். அப்பா என்றால் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியம் மகாராஜா. கொண்டுவரச் சொன்னார்.

இங்கேதான் வீட்டுக்காரர் வியாதி ஆரம்பிக்கிறது. ராஜா முன்னால் போய் மண்ணையா கொட்டுவது? ரைஸ்விட்ஸ் மாதக்கணக்கில் பாடுபட்டு, பீரோ மாதிரி ஒரு மேஜை செய்தார். மேலே அடுக்கி மாற்றக்கூடிய நிலப்பலகைகள், கீழே இழுப்பறைகள், இழுப்பறைக்குள் படைகள். 1812இல் அரண்மனைக்குள் அது வந்தபோது, கேட்டது ஒரு விளையாட்டு, வந்தது ஒரு ஃபர்னிச்சர். அரச குடும்பம் ஆசையாக விளையாடியது. ஆறு வருடம் முன்பு நெப்போலியன் இதே ராஜாவை நிஜக் களத்தில் துவைத்துத் தோரணம் கட்டித் தொங்கவிட்டு, மறு வருடமே பாதி ராஜ்யத்தைப் பிடுங்கியிருந்தான். மேஜைமேல் அவனால் ஒன்றும் பிடுங்க முடியவில்லை. மேஜை இன்னும் பெர்லினில் பத்திரமாக இருக்கிறது.

மேஜைக்காரரின் மகனும் ரைஸ்விட்ஸ்தான், பீரங்கிப்படை லெஃப்டினன்ட். ஃபர்னிச்சரைத் தூக்கிப் போட்டுவிட்டு வரைபடத்தாளில் ஆடுகிற மாதிரி 1824இல் விதிகளை அச்சிட்டார். இரு தரப்பும் உத்தரவை எழுதி நடுவரிடம் கொடுக்கும். எதிரி எங்கே என்று நடுவருக்கு மட்டும் தெரியும். தலைமைப் படைத்தளபதி முஃப்லிங்கிடம் காட்டினார்கள். பொம்மை விளையாட்டா என்று உர்ரென்று உட்கார்ந்த கிழவர், ஆட்டம் போகப் போக முன்னால் சாய்ந்தார். கடைசியில் இது விளையாட்டே இல்லை, போருக்கான பள்ளிக்கூடம் என்று பிரகடனம் செய்து ராணுவம் முழுக்கச் சிபாரிசு செய்தார். கவனியுங்கள். பெரிய மனிதர் ஆசையாக விளையாட வேண்டுமென்றால் முதலில் அதை விளையாட்டில்லை என்று அறிவித்துவிட வேண்டும். இன்றும் கம்பெனிகளில் ஆபீசர்களை ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போய் பலூன் உடைக்க வைக்கும்போது அதற்கு 'டீம் பில்டிங்' என்றுதான் பெயர்.

விருந்தாளிகள் கதையை மாற்றச் சொல்லி வீட்டுக்காரரை நொறுக்கியதற்கு ஆகப் பெரிய உதாரணம் பிரிட்டிஷ் ராணுவத்துக் கேப்டன் சைபோர்ன். இவர் ஆடவில்லை, வாட்டர்லூவை அப்படியே பொம்மையாகச் செய்து காட்ட ஆசைப்பட்டார். எழுபதாயிரத்துக்கும் மேல் குட்டிச் சிப்பாய்கள். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று உயிரோடிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் போட்டார். கட்டுக்கட்டாகப் பதில் வந்தது. படித்தால், தலைவலி. ஒருவர் நினைவும் இன்னொருவர் நினைவும் ஒட்டவில்லை. கல்யாண வீடியோவைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு மாமாவும் தாலி கட்டும்போது தான்தான் முன்னால் நின்றதாகச் சொல்வாரே, அந்தக் கதை.

பாதி வழியில் அரசாங்கம் பணத்தை நிறுத்தியது. மனிதர் கடன் வாங்கி முடித்து 1838இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். கூட்டம் வந்தது. வெலிங்டன் பிரபுவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. காரணம், களத்தில் பிரஷ்யப் பொம்மைகள் ஜாஸ்தி. நெப்போலியனைத் தோற்கடித்தது நானா, உதவிக்கு வந்த அவர்களா என்று பார்க்கிறவன் குழம்பிவிடுவானே! நெப்போலியனைப் பார்த்துப் பயப்படாத இரும்பு மனிதர் விரல்நக உயர ஈயத் துண்டுகளைப் பார்த்து நெளிந்தார். கடைசியில் சைபோர்ன் பிரஷ்யப் பொம்மைகளைக் கணிசமாகக் குறைத்தார். வாட்டர்லூவில் பிரஷ்யர்கள் தோற்ற ஒரே சண்டை இதுதான்.

சரி, நடுவர் என்று சொன்னேனே, அந்த நாற்காலிக்கு மறுபடி வருவோம். 1880இல் அமெரிக்க ராணுவத்தில் டாட்டன் என்ற லெஃப்டினன்ட் 'ஸ்ட்ராட்டகோஸ்' என்று ஒரு போர் விளையாட்டுப் புத்தகம் எழுதினார். ஆட்டக்காரன் எதை வேண்டுமானாலும் முயலலாம், நடக்குமா நடக்காதா என்று நடுவர் சொல்வார் என்பது அதன் தாத்பரியம். பிற்பாடு இதே டாட்டன், பைபிளில் யோசுவாவுக்காகச் சூரியன் நின்ற நாளைக் கணக்குப் போட்டு நிரூபிப்பதாக இன்னொரு புத்தகம் எழுதினார். சூரியனையே நிறுத்தி வைத்துக் கணக்குப் பார்த்தவருக்குக் குதிரைப்படை எம்மாத்திரம்? இரண்டில் முதல் புத்தகம் மினசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் பல பத்தாண்டுகளாகத் தூசு தின்றுகொண்டு ஒருவருக்காகக் காத்திருந்தது.

அவர் பெயர் டேவ் வெஸ்லி. பௌதிகம் படித்த இளைஞர். மினியாபொலிஸும் செயின்ட் பாலும் ஒட்டிக்கிடக்கிற இரட்டை நகரத்தில் ஒரு போர் விளையாட்டு கிளப். நெப்போலியன் காலத்துச் சண்டை ஆடி ஆடி, கொடியின் கலர் சரியா, பீரங்கி ஆறரை அங்குலம் போனதா ஏழு போனதா என்று பொழுதுக்கும் சண்டை. வெஸ்லிக்கு அலுத்துவிட்டது. புத்தகத்தைக் கண்டெடுத்தவர், 1969இல் நண்பர்களுக்குப் புதுசாக ஒன்று சமைத்துப் போடலாம் என்று முடிவு செய்தார். நம் கட்டுரையின் கதாநாயகர் இப்போதுதான் வருகிறார். பாதிக் கல்யாணம் முடிந்தபின் வருகிற மாப்பிள்ளை.

பிரவுன்ஸ்டைன் என்று ஜெர்மனியில் ஒரு கற்பனை ஊர். பிரெஞ்சுப் படை ஒரு பக்கம் நெருங்குகிறது, பிரஷ்யப் படை இன்னொரு பக்கம். இரண்டு தளபதிகள் போக மற்றவர்களைச் சும்மா உட்கார வைக்க வேண்டாமே என்று ஆளுக்கொரு வேஷம் கொடுத்தார். நீ மேயர், நீ பேங்க்காரர், நீ பல்கலைக்கழக வேந்தர். ஒவ்வொருவருக்கும் ரகசிய நோக்கம். திட்டம் பழுதில்லாதது. ஒவ்வொருவராக உள் அறைக்கு வர வேண்டும். என்ன செய்யப்போகிறேன் என்று வெஸ்லி காதில் மட்டும் சொல்ல வேண்டும். வெஸ்லி எல்லாவற்றையும் தொகுத்து, அளந்து, கதையை நகர்த்துவார். நடுவில் சிலந்தி, சுற்றிலும் வலை.

வந்தது கிட்டத்தட்ட இருபது பேர். அவர் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். இலை போட்டது ஒரு கணக்கு, உட்கார்ந்தது ஒரு கணக்கு. கையில் கிடைத்த வேஷத்தையெல்லாம் அவசரமாக உற்பத்தி செய்து பந்தியில் பரிமாறினார். முதல் ஆள் உள்ளே போய் ரகசியம் பேசிக்கொண்டிருக்கிறார். வெளியே பதினெட்டு பேர் வரிசையில் காத்திருக்கிறார்கள். வரிசையில் நிற்கிற மனிதன் என்ன செய்வான்? ரேஷன் கடையானாலும் ராஜாங்கமானாலும் ஒன்றுதான். பக்கத்தில் நிற்பவனிடம் பேச்சுக் கொடுப்பான்.

மேயர் பேங்க்காரரை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். மாணவர் தலைவன் அதிகாரியை முறைத்தான். ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தார்கள், மீறினார்கள், பொய்யாகப் புளுகினார்கள். வெஸ்லி அறையை விட்டு வெளியே வந்து பார்த்தால் அவருடைய கதை அவரைக் கேட்காமலே தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேர் வந்து, நாங்கள் துவந்த யுத்தம் செய்யப்போகிறோம் என்று அறிவித்தார்கள். துவந்த யுத்தமா? அதற்கு விதியே எழுதவில்லையே! படையணிகளுக்கு விதி உண்டு, பாலங்களுக்கு உண்டு, கோபித்துக்கொண்ட இரண்டு தனி மனிதர்களுக்கு இல்லை. நின்ற இடத்தில் ஒரு விதியை இட்டுக்கட்டிப் பகடையை உருட்டினார்.

இரவு முடிந்தது. மேஜைமேல் அழகாகப் பெயின்ட் அடித்த இரண்டு சேனைகளும் ஒன்றையொன்று பார்க்கக்கூட இல்லை. போருக்கு அழைத்துவிட்டுப் போரே போடாத வீட்டுக்காரர்! சாம்பாரில் உப்பு மட்டுமல்ல, சாம்பாரே இல்லாத விருந்து. வெஸ்லி தலையில் கைவைத்துக்கொண்டார். படுதோல்வி என்று உறுதியாக நம்பினார். விருந்தாளிகள் வந்து சூழ்ந்துகொண்டு கேட்ட கேள்வி ஒன்றுதான். அடுத்தது எப்போது?

இங்கே ஒரு நிமிஷம் வெஸ்லியின் மனநிலையைப் பாருங்கள். தற்செயலாகப் பாயசம் கூடிவந்த சமையல்காரர் என்ன செய்வார்? அடுத்த முறை அளவுப் பாத்திரத்தோடு வருவார். கூச்சல் குழப்பத்தால்தான் முதல் ஆட்டம் கெட்டது என்று நினைத்து, இரண்டாவதில் விதிகளை முறுக்கினார், தமக்குள் பேசக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார். சகலமும் ஒழுங்காக நடந்தது. ஒருவருக்கும் பிடிக்கவில்லை. மூன்றாவதும் எடுபடவில்லை. முதல் நாள் ருசி எங்கிருந்து வந்தது என்பது எல்லாருக்கும் புரிந்தது, சமைத்தவரைத் தவிர.

நாலாவதில் வழிக்கு வந்தார். லத்தீன் அமெரிக்கப் பாணியில் ஒரு குட்டிக் குடியரசு. சர்வாதிகாரி உண்டு, போலீஸ் உண்டு, கர்னல்கள் உண்டு. டேவ் ஆர்னெசன் என்ற சரித்திர மாணவருக்குக் கிடைத்தது, புரட்சி மாணவன் வேஷம். அதுவும் அகிம்சைப் புரட்சி. துண்டுப் பிரசுரம் விநியோகித்தால் மார்க். அவ்வளவுதான். பார்த்தால், மேடையில் தீப்பந்தம் பிடிக்கிறவனுக்குக் கொடுக்கிற வேஷம்.

ஆர்னெசன் வீட்டுப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். சி.ஐ.ஏ. அடையாள அட்டை ஒன்றைச் சொந்தமாகத் தயாரித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். விளையாட்டுக்கு, சார்! சமயம் பார்த்து அதை நீட்டி, நான் மாணவனே இல்லை, ரகசிய ஏஜென்ட் என்று மற்றவர்களை நம்ப வைத்தார். அந்தக் கதையை இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்: குடியரசின் கஜானாவையே நம்பி இவர் கையில் ஒப்படைத்துவிட்டார்கள். கடைசிக் காட்சியில் ஆர்னெசன் ஹெலிகாப்டரில் ஏறி, நாட்டின் மொத்தப் பணத்தோடும் வானத்தில் போகிறார். போகிற போக்கில் துண்டுப் பிரசுரங்களைத் தலைநகரத்தின் மேல் கொட்டுகிறார். பிரசுரத்துக்கு மார்க் உண்டல்லவா? கஜானாவை அடித்தவன் மார்க்கையும் விடவில்லை.

வெஸ்லி 1970இல் ராணுவச் சேவைக்குப் போய்விட்டார். நிஜ ராணுவம். அங்கே வரிசையில் நின்றால் பேசக் கூடாது. கிளப்பின் வீட்டுக்காரர் நாற்காலி காலி. அதில் வந்து உட்கார்ந்தவர் யார்? திருடன் கையில் சாவி என்பார்களே, ஹெலிகாப்டர்க்காரரே தான்.

ஆர்னெசன் ஒரு வார இறுதி முழுக்கப் பாப்கார்ன் கொறித்துக்கொண்டு பேய்ப்படமும் பிசாசுப் படமுமாகப் பார்த்துத் தள்ளினார். 1971இல் நண்பர்கள் வழக்கம்போல் நெப்போலியன் சண்டைக்கு வருகிறோம் என்று நினைத்து வந்தார்கள். செயின்ட் பாலில் அவருடைய அப்பா அம்மா வீட்டு அடித்தள அறை. பிங்பாங் மேஜைமேல் பிளாஸ்டிக் கோட்டை ஒன்று. நெப்போலியனைக் காணோம். ஊர் பெயர் பிளாக்மூர், கோட்டைக்கு அடியில் நிலவறைகள், அதற்குள் பூதங்கள், பூதங்களுக்குப் பக்கத்தில் புதையல். போங்கள் உள்ளே என்றார்.

இதை அவர் அடுத்த வருடம் விஸ்கான்சினில் லேக் ஜெனீவா என்ற ஊருக்குக் கொண்டுபோய் கேரி கைகாக்ஸிடம் ஆடிக் காட்டினார். கைகாக்ஸும் ஒரு வீட்டுக்காரர்தான். 1968இல் ஊர்த் தோட்டக்கலைச் சங்க ஹாலை 50 டாலர் வாடகைக்குப் பிடித்து, நூறு பேர் அளவில் கூட்டி, வாடகை கைக்கு வந்தால் போதும் என்று முருகனை வேண்டாத குறையாக நின்றவர். இன்ஷூரன்ஸ் வேலை போனபின் செருப்புத் தைத்துப் பிழைத்தார். பூதங்களுக்குப் பொம்மை கிடைக்காமல், மலிவுக் கடையில் ஹாங்காங் தயாரிப்பு என்று போட்ட பிளாஸ்டிக் பை ஒன்றை வாங்கினார். வரலாற்றுக்கு முந்தைய மிருகங்கள் என்று பையில் எழுதியிருந்தது. உள்ளே இருந்தவை எந்த வரலாற்றிலும் இல்லாதவை. ஒன்று ஆந்தையா கரடியா தெரியவில்லை. இரண்டும் என்று வைத்துக்கொண்டார். இன்னொன்றைப் பார்த்து, இது இரும்பைத் துருப்பிடிக்க வைத்துத் தின்னும் என்று தீர்ப்புச் சொன்னார். ஆந்தைக்கரடியும் துருப்பூதமும் இன்றுவரை கோடிக்கணக்கில் வியாபாரமாகிற சொத்துகள். ஆயிரம் பிரதி போட்டு 1974இல் இரண்டு பேர் பெயரிலும் வந்த அந்த விதிப்புத்தகம்தான் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. பிறகு இரண்டு பேரும் கோர்ட்டுக்குப் போனார்கள். எந்தப் பூதத்தாலும் செய்ய முடியாத வேலையை ராயல்டி செய்தது.

அதற்கு முன்னால் பிளாக்மூரில் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஆர்னெசன் ஒரு பெரிய கதை வைத்திருந்தார். தீயவர்கள் படை திரட்டுகிறார்கள். நல்லவர்கள் கோட்டையைக் காக்க வேண்டும். மேஜைமேல் மாபெரும் போர். நண்பர்களுக்கோ நிலவறை ருசித்துவிட்டது. விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள், புதையலை மூட்டை கட்டினார்கள், மறுபடி இறங்கினார்கள். அப்படி ஒரு நாள் அவர்கள் கீழே இருட்டில் காசு பொறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், மேலே எதிரி வந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டான். காக்க ஆள் இல்லை. கஜானாவோடு ஹெலிகாப்டரில் பறந்தவருக்கு வந்து வாய்த்தவர்கள் இவர்கள்.

கடமை தவறிய குற்றத்துக்காக அத்தனை பேரையும் தண்டனையாகத் தூரத்து ஏரிக்கரைச் சதுப்புநிலத்துக்கு நாடுகடத்தினார் ஆர்னெசன். மூட்டை முடிச்சோடு போய்ச் சேர்ந்தார்கள். சேர்ந்ததும் முதல் வேலையாக எதைத் தேடியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?